பதினாறு புள்ளிகளில் ஒரு போர்வீரன்

‘மோர்தாவ்’ என்ற கணினி விளையாட்டில் களத்தில் இறங்குவதற்கு முன்னால் உங்கள் கையில் 16 புள்ளிகள் தருவார்கள். வாள், கோடரி, வில், கேடயம், கவசம் எல்லாவற்றையும் அதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். கவசத்தைத் தலை, மார்பு, கால் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வெறும் துணியிலிருந்து முழு எஃகுத் தகடு வரை நான்கு படிகள். மூன்றிலும் உச்சப்படியை எடுத்தால் ஆயுதத்துக்கு மிஞ்சுவது சொற்பம். போதாக்குறைக்கு நடையும் மந்தமாகிவிடும். சட்டையோடு இறங்கினால் காற்றாய்ப் பறக்கலாம். தலையில் சரியாக ஒரு அடி விழுந்தால் கதை முடிந்தது.

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த ட்ரைடெர்னியன் என்ற சிறு குழு 2019-ல் வெளியிட்ட விளையாட்டு இது. கனடாவின் ‘சிவல்ரி’, செக் நாட்டின் ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’, ஜப்பானின் ‘டார்க் சோல்ஸ்’ என்று இதன் அண்ணன் தம்பிகள் பலர். எல்லாவற்றிலும் அடிப்படைப் பேரம் ஒன்றுதான்: பாதுகாப்பு வேண்டுமா, வேகத்தைக் கொடு. டார்க் சோல்ஸ் இதைக் கறாராகவே செய்யும். தாங்கக்கூடிய எடையில் கால் பங்குக்குள் அணிந்திருந்தால் மின்னலாக உருளலாம். பாதியைத் தாண்டினால் மூட்டை உருள்வதுபோலத்தான்.

இந்தப் பேரம் நியாயமானதா? 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நிஜமாகவே கவசம் அணிந்து போருக்குப் போனவர்களும் இதே விலையைத்தான் கொடுத்தார்களா? கொடுத்தார்கள், ஆனால் வேறு பையிலிருந்து. கவசம் அவர்களை மெதுவாக்கியதைவிடக் களைப்பாக்கியதுதான் அதிகம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளையாட்டின் கணக்கு தடம் புரள்வது இந்த இடத்தில்தான்.

முதலில் எடை. 1944-ல் லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த ‘ஐந்தாம் ஹென்றி’ படத்தில் ஒரு பிரெஞ்சுத் தளபதியைக் கப்பியில் தொங்கவிட்டுக் குதிரைமேல் இறக்கி உட்கார வைப்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். சரித்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. போருக்கென்று செய்த தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. உள்ளே போடும் திண்டுச் சட்டை, இடுக்குகளை மறைக்கும் வளையக் கவசம் இவற்றையும் சேர்த்தால் 30-ஐத் தாண்டும். இன்றைய காலாட்படைச் சிப்பாய் தூக்கிச் செல்லும் சுமை இதற்குக் குறைந்ததல்ல. அதிலும் சிப்பாயின் சுமை முதுகில் தொங்குகிறது. கவசம் தோள், இடுப்பு, தொடை, கை என்று உடம்பெங்கும் வார்களால் பிரித்துக் கட்டப்பட்டிருக்கிறது. போட்டிக் களத்தில் ஈட்டி மோதலுக்கு அணிந்த கவசம்தான் 40 கிலோவையும் தாண்டியது. அதில் நடக்கவேண்டிய தேவையே இல்லை. அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தவர்கள் போர்க் கவசமும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

பூசிகோ என்று பெயர்பெற்ற பிரெஞ்சு மார்ஷல் ஜான் லெ மாங்கிர் (1366–1421) தலைக்கவசம் தவிர மற்ற அனைத்தும் அணிந்தபடி குட்டிக்கரணம் போட்டார், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கத்தில் கைகளால் மட்டுமே தொங்கி ஏறினார் என்று அவர் உயிரோடிருந்தபோதே எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு சொல்கிறது. புகழ்பாடும் நூல்தானே என்று தள்ளிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்து வரலாற்றாய்வாளர் டானியல் ஜாக்கே அதே காலத்துக் கவசத்தின் நகலைச் செய்து அணிந்து ஓடி, ஏறி, உருண்டு காட்டியிருக்கிறார்.

அப்படிக் குட்டிக்கரணம் போட்ட பூசிகோ கடைசியில் என்ன ஆனார்? 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கோர் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, இங்கிலாந்திலேயே இறந்தார்.

அந்தப் போர்க்களம் புதிதாக உழுத நிலம். முந்தைய இரவு மழை. பிரெஞ்சு வீரர்களில் பெரும்பாலோர் குதிரையைவிட்டு இறங்கி, முழுக் கவசத்தில், சேற்றில் கால் புதையப் புதையச் சில நூறு மீட்டர் நடந்து எதிரியை அடைந்தார்கள். அடைந்தபோது கையைத் தூக்கத் தெம்பில்லை. குட்டிக்கரணம் போடுவதற்கு ஐந்து நொடி போதும். போர் அப்படியில்லை.

கவசம் உடம்பில் என்ன செய்கிறது என்பதை 2011-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் அஸ்க்யூ குழு அளந்து பார்த்தது. அதே ஊரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பார்வையாளர்களுக்காகக் கவசம் அணிந்து சண்டையிட்டுக் காட்டும் கலைஞர்களை அழைத்து, 15ஆம் நூற்றாண்டுக் கவச நகல்களை மாட்டி, டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். கவசம் பழகியவர்கள் என்பதால், புதுசாகப் போட்டவன் தடுமாறினான் என்று யாரும் குறை சொல்ல முடியாது. கவசத்தோடு நடக்க, கவசமில்லாமல் நடப்பதைப்போல 2.1 முதல் 2.3 மடங்கு ஆற்றல் செலவாயிற்று. ஓடும்போது 1.9 மடங்கு.

அதே எடையை முதுகில் மூட்டையாகக் கட்டியிருந்தால் இவ்வளவு செலவாகியிருக்காது. ஏன்? காலில் கட்டிய எஃகுதான் காரணம். தொடை, முழங்கால், கெண்டை, பாதம் என்று காலுக்கு மட்டும் 7, 8 கிலோ போகிறது. மார்பிலிருக்கும் எடை உடம்போடு சீராக முன்னால் நகர்கிறது. காலிலிருக்கும் எடையோ ஒவ்வொரு அடிக்கும் நின்று, கிளம்பி, வீசி, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முறை கிளப்பவும் தசை புதிதாக வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் இதைவிடக் கொடுமையானது: மூச்சு. கனமான வேலையில் நாம் இயல்பாகவே ஆழமாக மூச்சிழுப்போம். மார்பையும் முதுகையும் எஃகு இறுக்கியிருக்கும்போது நெஞ்சுக்கூடு விரிய இடமில்லை. அந்தச் சோதனையில் கவசம் அணிந்தவர்கள் ஆழமாக இழுக்க முடியாமல் மேலோட்டமாக, அடிக்கடி மூச்சுவிட்டார்கள். செலவு இரட்டிப்பாகும் நேரம் பார்த்து வரவு அடைபடுகிறது.

விளையாட்டில் இதற்குப் பெயர் ஸ்டாமினா. திரையின் ஓரத்தில் ஒரு கோடு. வீசினால் குறையும், தடுத்தால் குறையும், சில நொடி ஒதுங்கி நின்றால் நிரம்பிவிடும். இந்தச் சில நொடியில்தான் எனக்கு உடன்பாடில்லை. கவச வீரன் இழந்த மூச்சைத் திரும்பப் பெறச் சில நிமிடங்களாவது வேண்டும்; வெயிலும் சேர்ந்தால் அதற்கும் மேல். விளையாட்டு உருவாக்குபவர்களுக்கு இது தெரியாமலில்லை. மூச்சு வாங்குவதை மூன்று நிமிடம் உட்கார்ந்து பார்க்க எவரும் காசு கொடுக்கமாட்டார்கள். ஆகவே களைப்பின் கணக்கை வேகத்தில் கழித்துக்கொள்கிறார்கள்.

ஆயுத விஷயத்தில் விளையாட்டுகள் இவ்வளவு தவறவில்லை. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கும் ‘கிங்டம் கம்’ விளையாட்டில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் வெட்டு, குத்து, அடி என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொரு கவசத்துக்கும் அந்த மூன்றையும் தாங்கும் மூன்று எண்கள். தகட்டுக் கவசக்காரன்மேல் வாளை வீசு வீசென்று வீசிவிட்டு ஒன்றும் ஆகாமல் விழித்தவர்கள், அடுத்த முறை கதாயுதத்தோடு வருவார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம்தான்.

வெட்டு என்பது கூர்விளிம்பு ஒரு பொருளுக்குள் இறங்கிச் சறுக்குவது. தோலில் இறங்கும், துணியில் இறங்கும். கடினமாக்கிய எஃகில் இறங்காது, வழுக்கிக்கொண்டு போகும். வளையக் கவசத்திலும் வெட்டு பெரும்பாலும் பலிக்காது, ஆயிரக்கணக்கான வளையங்கள் அந்த விளிம்பைப் பகிர்ந்து தாங்கிவிடும். ஆனால் குத்து வேறு. விசை முழுவதும் ஊசிமுனை அளவுப் பரப்பில் விழுவதால் அழுத்தம் எகிறுகிறது. ஒரே ஒரு வளையம் பிளந்தால் போதும், வழி கிடைத்துவிடும்.

தகட்டின் முன்னால் குத்தும் நிற்கும். அப்போது மிச்சமிருப்பது அடி. அடிக்குக் கவசத்தைத் துளைக்கவேண்டிய அவசியமே இல்லை. கவசத்துக்கும் தலைக்கும் சேர்த்து உந்தத்தைக் கடத்தினால் போதும். தகடு அப்படியே இருக்க, உள்ளே மூளை குலுங்கும். இதற்கு வாள் ஏன் லாயக்கில்லை? வீட்டுச் சுத்தியலை எடுத்து, இரும்புத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு மரக்காம்பால் எதையாவது தட்டிப் பாருங்கள். லாவகமாகச் சுழலும், அடியில் சாரமிருக்காது. வாள் அப்படிப்பட்டது. ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள நீள்வாளின் எடைமையம் கைப்பிடித் தடுப்புக்குச் சற்று முன்னால், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும். எடை கையருகே இருப்பதால் நிலைமத் திருப்புத்திறன் குறைவு. நினைத்த கணத்தில் திசை மாற்றலாம். அதே காரணத்தால் முனையால் அடிக்கும்போது வாளின் முழு எடையும் அடியில் போய்ச் சேராது. கதாயுதமோ அதே எடையை நுனியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. திருப்புவது கஷ்டம், விழுந்தால் விழுந்ததுதான்.

இதைப் பழைய வாள் ஆசான்கள் சூத்திரம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். இத்தாலியின் ஃபியோரே தெய் லிபேரி 1409 வாக்கில் தொகுத்த போர்க்கலை ஏட்டிலும், ஜெர்மனியின் ஹன்ஸ் தால்ஹோஃபர் 1467-ல் வெளியிட்ட ஏட்டிலும் கவச வீரர்கள் வாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் படங்களைக் காணலாம். இரு கையாலும் அலகையே பற்றிக்கொண்டு, பிடியின் குமிழையும் குறுக்குத் தடுப்பையும் எதிரியின் தலைக்கவசத்தில் இறக்குகிறார்கள். வாளைத் திருப்பியதும் எடை நுனிக்குப் போய்விட்டது, வாளே சம்மட்டியாகிவிட்டது. கை அறுபடாதா? விளிம்பு அறுப்பதற்குச் சறுக்க வேண்டும். இறுகப் பற்றியிருந்தால் சறுக்காது. கையுறையும் உண்டு. மோர்தாவ் விளையாட்டின் பெயரே இந்த அடியின் ஜெர்மன் பெயர்தான். ஒரு விசையை அழுத்தினால் அதில் உங்கள் வீரனும் வாளைத் திருப்பிப் பிடிப்பான். வெற்றுடம்புக்காரனிடம் மதிப்பு குறையும், கவசக்காரனிடம் கூடும். இந்த இடத்தில் அந்தச் சிறு குழுவுக்குக் கைதட்டலாம்.

எனினும் கவசம் அணிந்து தரையில் நின்று போரிட்டவர்கள் முதலில் தேடியது வாளையல்ல, போலாக்ஸ் எனப்படும் நெடுங்கோடரியை. ஆள் உயரக் காம்பு, உச்சியில் ஒரு பக்கம் கோடரி அல்லது சம்மட்டி, மறுபக்கம் பறவை அலகுபோன்ற கூர்முனை, மேலே ஈட்டிமுனை. வெட்டு, அடி, குத்து மூன்றும் ஒரே கம்பில். இரு கையும் வேண்டுமே, கேடயத்தை எங்கே பிடிப்பது? தகட்டுக் கவசம் தேறத் தேற அந்தக் கேடயமே தேவையற்றுப் போனது. 15ஆம் நூற்றாண்டு கவச வீரர்கள் அதைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கவசமும் ஆயுதமும் ஒன்றையொன்று தீர்மானித்தன என்பதை இங்கே பார்க்கலாம். வாள் இடுப்பில் துணையாகத் தொங்கியது. விளையாட்டுகளில் மட்டும் வாளே கதாநாயகன். ‘கிங்டம் கம்’ கதையே கொல்லன் மகன் ஹென்ரி, தந்தை வடித்த வாளைப் பறிகொடுத்து அலைவதுதான். நெடுங்கோடரிக்காக எவன் அப்படி அழப்போகிறான்?

வில்லுக்கு வருவோம். போர்க்கால நீள்வில் அம்பு ஏறக்குறைய 80 கிராம். நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 120 ஜூல். 1545-ல் மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்களை வைத்துப் பார்த்தால், இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை வேண்டியிருந்த விற்கள் அவை. 2019-ல் ஆயுதக் கைவினைஞர் டாட் டோடெஷினி ஒரு சோதனை நடத்தினார். 160 பவுண்டு வில், 25 மீட்டர் தூரம், அஜின்கோர் காலத்து மாதிரியில் அடித்த மார்புத் தகடு. அம்புகள் தகட்டைத் துளைக்கவில்லை, மோதி நொறுங்கின. ஆனால் நொறுங்கிய சிம்புகள் தகட்டின் வளைவில் வழுக்கி மேலே கழுத்தை நோக்கிப் பறந்தன. பழைய மார்புத் தகடுகளில் கழுத்துக்குக் கீழே V வடிவில் ஒரு வரம்பு ஒட்டியிருப்பது எதற்கென்று அந்தப் படக்காட்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

தகட்டின் தடிமன் இரட்டித்தால் துளைக்கத் தேவையான ஆற்றல் இரட்டிப்பதோடு நிற்காமல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதனால்தான் கொல்லர்கள் தடிமனை எல்லா இடத்திலும் சமமாகப் போடவில்லை. மார்பின் நடுவில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர், ஓரத்தில் குறைவு, கைகால்களில் ஒரு மில்லிமீட்டர் அளவில். சாய்ந்து விழும் அம்பு வழுக்கிப் போகட்டும் என்று மார்பை வளைத்தும் வைத்தார்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் மார்புக்கு ஒரே எண்தான். நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும், நேராகப் பட்டாலும் சரிவாகப் பட்டாலும் அதே டேமேஜ்.

தலைக்கவசத்துக்குக் ‘கிங்டம் கம்’ கேட்கும் விலை எனக்குப் பிடித்தது. முகத்தகடு மூடிய தலைக்கவசத்தை மாட்டினால் திரையின் பெரும்பகுதி கறுப்பாகி, மெல்லிய பிளவு வழியாகத்தான் உலகம் தெரியும். பக்கவாட்டில் வருபவனைக் காண முடியாது. அந்த எரிச்சலில் பலர் திறந்த முகத்துக்கு மாறிவிடுவார்கள்.

அந்த விளையாட்டின் கதை நடக்கும் அதே 1403-ல், ஜூலை 21 அன்று, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி போரில் 16 வயது இளவரசன் ஒருவன் முகத்தில் அம்பு தைத்தது. முகத்தகட்டைத் தூக்கியிருந்தானோ, அல்லது அது இல்லாத தலைக்கவசமோ, முகம் திறந்திருந்ததால்தான் அம்புக்கு வழி கிடைத்திருக்கும். காம்பு கழன்று வர, அம்புமுனை மூக்கருகே எலும்புக்குள் ஆறு அங்குல ஆழத்தில் சிக்கிக்கொண்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர், திருகாணி வைத்த ஒரு சிறு இடுக்கியைத் தானே வடிவமைத்து, தேன் தோய்த்த துணித் திரிகளால் காயத்தின் வாயை நாளுக்கு நாள் அகலப்படுத்தி, முனையை எடுத்தார். பையன் பிழைத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அஜின்கோரில் பூசிகோவைச் சிறைப்பிடித்த படையின் தலைவன், மன்னன் ஐந்தாம் ஹென்றி, அவன்தான்.

மூடியே வைத்திருந்தால் மட்டும் தப்பிவிட முடியுமா? 1559-ல் பிரான்சு மன்னன் இரண்டாம் ஆன்றி விழாப் போட்டியொன்றில், உடைந்த ஈட்டியின் சிம்பு தலைக்கவசத்துக்குள் பாய்ந்து, பத்து நாள் துடித்து இறந்தான். பார்க்கவும் மூச்சுவிடவும் ஓட்டை வேண்டும். ஓட்டை இருந்தால் அதில் நுழைய ஏதாவது ஒன்று வரும்.

காலுக்கு வருவோம். மோர்தாவில் காலில் படும் அடிக்குத் தலையைவிடச் சேதம் குறைவு. ஆகவே புள்ளிகளை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கைவைப்பது கால் கவசத்தில்தான். லீட்ஸ் டிரெட்மில் கணக்கும் அதையே சொல்லும்: காலிலிருந்து எடையைக் குறைத்தால் மூச்சு அதிகம் மிஞ்சும். ஆனால் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், விஸ்பி நகரச் சுவருக்கு வெளியே இருக்கும் குழிகள் வேறு சாட்சி சொல்கின்றன. 1361-ல் டென்மார்க் மன்னன் நான்காம் வால்தெமாரின் படை தீவின் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. பிணங்களைக் கவசத்தோடே குழியில் தள்ளினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றிலிருந்த வெட்டுகளில் பெரும்பங்கு கால்களில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே. கேடயமும் வளையச் சட்டையும் மேலுடம்பை மறைத்திருக்க, எதிரியின் வாள் மறைக்காத இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. எலும்புவரை போன காயம் மட்டுமே குழியில் மிஞ்சும். வயிற்றில் வாங்கிய குத்து எந்தத் தடயமும் வைக்காது. ஆனாலும் கால் கவசத்தை முதலில் கழற்றுகிறவர்கள் விஸ்பியை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுகள் பெரிதும் ஏமாற்றுவது துணிக் கவசத்தைத்தான். பலவற்றில் அது ஏழையின் முதல் படி. காசு சேர்ந்ததும் தூக்கிப் போடவேண்டியது. 15ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பதினோராம் லூயியின் படைக்கு வகுக்கப்பட்ட ஒழுங்கொன்று, 25 அல்லது 30 மடிப்பு பழந்துணியும் மேலே ஒரு மான் தோலும் வைத்துத் தைத்த சட்டையைச் சிப்பாய்களுக்குச் சிபாரிசு செய்கிறது. துவைத்துத் துவைத்துத் தளர்ந்த லினன் துணிதான் இதற்கு உகந்ததாம். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து விசையைப் பரப்பி விழுங்கும். நெஞ்சை இறுக்காது, மூச்சை அடைக்காது. தகட்டுக் கவசக்காரனும் இதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. தகட்டின் அடியில் ஒரு திண்டு உடை எப்போதும் இருந்தது. அடியின் உந்தத்தைக் கடைசியில் வாங்கிக்கொண்டது எஃகல்ல, அந்தத் துணி. ‘கிங்டம் கம்’ மட்டும் இதை மதித்து, துணி, வளையம், தகடு என்று அடுக்கடுக்காக அணிய வைக்கிறது.

அதே விளையாட்டு கண்ணை மூடிக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு: அளவு. செத்து விழுந்த எவனுடைய கவசத்தையும் ஹென்ரி உருவி மாட்டிக்கொள்கிறான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. நிஜக் கவசத்தில் முழங்கால் மூட்டுத் தகடு இரண்டு விரல் தள்ளிப் போனாலே கால் மடங்காது. இடுப்பில் உட்காரவேண்டிய எடை தோளில் தொங்கும். அக்குளில் ஓட்டை விழும். மிலான், அவுக்ஸ்பர்க் கொல்லர்கள் பணக்காரனின் உடம்பை அளந்து அடித்துக் கொடுத்தார்கள்; வாங்க முடியாதவன் கிடைத்ததைப் போட்டு வார்களை இழுத்துக் கட்டினான். அதையும் தானாக மாட்ட முடியாது. முதுகுப்பக்கக் கொக்கிகளைக் கட்டிவிட ஓர் ஆள் வேண்டும். பத்துப் பிணங்களைப் புரட்டினால் ஒன்றின் கவசம் பொருந்தும், அதையும் மாட்டிவிடப் பக்கத்தில் நண்பன் ஒருவன் நிற்க வேண்டும் என்று விதி வைத்தால், முதல் மணி நேரத்திலேயே பாதிப் பேர் விளையாட்டை அழித்துவிடுவார்கள்.